பழைய ஹீரோ இம்பல்ஸ் வாங்கப் போகிறீர்களா? இன்ஜினைக் கடைசியில் பாருங்கள்

தார் ரோட்டிலும் ஓட வேண்டும், மண் பாதையிலும் ஏற வேண்டும் என்று செய்யப்பட்ட பைக்குக்கு டூயல்-ஸ்போர்ட் என்று பெயர். ஹீரோ மோட்டோகார்ப் 2011 இறுதியில் கொண்டுவந்த இம்பல்ஸ் அந்த வகை. 149.2 சிசி, 13.2 பிஎஸ், 134 கிலோ எடை, தரைக்கும் வண்டிக்கும் 245 மி.மீ. இடைவெளி, முன்னால் 19 அங்குலம், பின்னால் 17 அங்குலம் ஸ்போக் வீல். அப்போது விலை சுமார் 67 ஆயிரம். வாங்க ஆள் குறைவாக இருந்ததால் சில வருஷங்களில் சத்தமில்லாமல் நின்றுபோனது. 2019-இல் அதே கம்பெனியின் எக்ஸ்பல்ஸ் 200 வந்துவிட்டாலும், எடை குறைந்த, கார்பரேட்டர் வைத்த வண்டி வேண்டும் என்பவர்கள் இம்பல்ஸைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பழைய பைக் என்றதும் எல்லோரும் முதலில் இன்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள். இம்பல்ஸுக்கு அது தலைகீழ் வரிசை. இதன் இன்ஜின் சிபிஇசட் எக்ஸ்ட்ரீம், ஹங்க் வண்டிகளின் குடும்பம். பிஸ்டன் கிட், கிளட்ச் பிளேட், டைமிங் செயின் எல்லாம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் தேடிப் பிடித்துவிடலாம். கிடைக்காதவை வேறு: பின் மோனோஷாக் (பின் வீலின் ஒற்றை ஷாக் அப்சார்பர்), டேங்க் ஓரத்து பிளாஸ்டிக், நீளமான முன் மட்கார்டு, சீட். வண்டியின் விலையைத் தீர்மானிப்பது இவைதான்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: டார்ச், பிளக் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், வெள்ளைத் துணி, சின்னக் காந்தம், மூன்று மீட்டர் நூல். கூட ஒரு ஆள்.

படி 1: ஆர்சி

வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே ஆர்சி (பதிவுச் சான்றிதழ்) படத்தை வாங்கிப் பாருங்கள். பதிவு 15 வருஷத்துக்குத்தான். 2011 நவம்பரில் பதிவான வண்டிக்கு 2026 நவம்பரில் காலாவதி. அதன்பின் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, ஃபார்ம் 25 கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். காலாவதி நெருங்கிய வண்டி என்றால் புதுப்பித்துத் தரும் பொறுப்பை விற்பவரிடமே விடுங்கள்; புகைச் சோதனை, லைட், ஹாரன், நம்பர் பிளேட் எல்லாம் அவர் செலவில் சரியாகிவிடும்.

ஆர்சியில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இன்னும் இருந்தால், கடன் முடிந்ததற்கான என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்), அந்தப் பெயரை நீக்கும் ஃபார்ம் 35-உம் வேண்டும். "லோன் எப்பவோ முடிஞ்சிருச்சு சார்" என்ற வாய்வார்த்தை ஆர்.டி.ஓ. ஆபீஸில் செல்லாது. நேரில் போனதும் சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் துணியால் துடைத்து, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எழுத்து கோணலாகவோ சுரண்டியதாகவோ இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

வேறு வண்டியின் ஃபோர்க், வீல் மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அனுமதி இல்லாமல் செய்த மாற்றம் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் சிக்கும். புதுப்பிக்கும் நாளில் தலைவலி உங்களுக்கு.

படி 2: ஃபிரேம்

மேடு பள்ளத்தில் குதித்த வண்டி முதலில் அடிவாங்குவது ஹேண்டில்பார் கழுத்தில். டேங்குக்கு முன்னால், கழுத்துக் குழாயும் ஃபிரேமும் சேருமிடத்தில் டார்ச் அடியுங்கள். பெயிண்ட் நிறம் அங்கு மட்டும் மாறியிருந்தால், வெல்டிங் மேல் வெல்டிங் தெரிந்தால், வேண்டாம். இதில் பேரம் பேச ஒன்றுமில்லை.

அடுத்து நூல். பின் டயரின் பின்பக்கத்திலிருந்து முன் டயர்வரை, தரைக்கு ஒரு சாண் உயரத்தில் இழுத்துப் பிடியுங்கள். நூல் பின் டயரை இரண்டு இடத்தில் தொட வேண்டும். முன் டயர் ஒல்லி (90, பின்னது 110), அதனால் முன்னால் சுமார் 10 மி.மீ. இடைவெளி விழும். மறுபக்கமும் அதே அளவு வர வேண்டும். ஒரு பக்கம் 3, மறுபக்கம் 17 என்றால் முதலில் செயின் அட்ஜஸ்டர் குறிகள் இருபுறமும் சமமா பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் ஃபிரேமோ ஸ்விங் ஆர்மோ (பின் வீலைப் பிடித்திருக்கும் கை) வளைந்திருக்கிறது.

டேங்க் மேல் காந்தத்தை நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் பெயிண்டுக்கு அடியில் பட்டி. மூடியைத் திறந்து உள்ளே துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் அந்தத் தண்ணீர் டேங்கின் அடியில் தங்கித் துருவாக்கி, கார்பரேட்டர் ஜெட்டை அடைக்கும்.

படி 3: சஸ்பென்ஷன், வீல்

மோனோஷாக்கின் தண்டில் எண்ணெய் பூசினாற்போல் தூசி ஒட்டியிருந்தால் சீல் போயிருக்கிறது. சீட்டை உடம்பு பாரத்தோடு அழுத்தி விடுங்கள். நிதானமாக எழுந்து நிற்க வேண்டும். இரண்டு மூன்று முறை துள்ளினால் உள்ளே டேம்பிங் (துள்ளலை அடக்கும் சக்தி) இல்லை. புதியது கிடைப்பது அரிது என்பதால் ரீபில்ட் செலவை விலையில் கழியுங்கள்.

கூட வந்தவர் வண்டியைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்துப் பின் வீலைத் தூக்கட்டும். ஸ்விங் ஆர்மை இடவலமாக ஆட்டுங்கள். 'டக்' என்று அசைந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது, லேத்தில் சரிசெய்யக்கூடியதுதான். வீலை மட்டும் ஆட்டும்போது அசைந்தால் வீல் பேரிங். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் தள்ளினால் கழுத்தில் தட்டுவது தேய்ந்த கோன் செட் (ஹேண்டில்பார் கழுத்துப் பேரிங்).

ஸ்போக்குகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். 'சொத்' என்பது லூஸ். நாலைந்து இருந்தால் இறுக்கிக்கொள்ளலாம். ரிம்மே நெளிந்திருந்தால் வேறு கதை, 19 அங்குல ரிம் எல்லாக் கடையிலும் தொங்குவதில்லை.

படி 4: இன்ஜின்

போகும் முன்பே, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் சைலன்சர் பெண்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். ஆறும்வரை டீ குடிக்கலாம். சூடான இன்ஜினில் ஸ்டார்ட்டிங் கோளாறும் டைமிங் செயின் சலசலப்பும் ஒளிந்துகொள்ளும்.

மண் பாதை வண்டிக்கு எமன் தூசி. ஏர் ஃபில்டரைக் கழற்றி, அதற்கு அப்புறம் கார்பரேட்டருக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். செம்மண் ஒட்டினால், அந்த மண் சிலிண்டருக்குள்ளும் போய்ப் பிஸ்டன் ரிங்கை அரைத்திருக்கும். ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவது) செலவை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். ஆயில் மூடியின் அடியில் பால் டீ நிறத்தில் கொழகொழப்பு இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

ஸ்டார்ட் செய்து சூடானதும் புகையைக் கவனியுங்கள். ரேஸை விட்டு மறுபடி கொடுக்கும்போது மட்டும் ஒரு குபுக் நீலப்புகை வந்தால் வால்வு சீல், செலவு குறைவு. ரேஸ் கொடுக்கக் கொடுக்க நீலமாகவே வந்தால் ரிங். காலையில் வரும் வெள்ளை ஆவி ஒன்றுமில்லை.

ஓட்டிப் பார்க்கும்போது நாலாவது கியரில் 30 கி.மீ. வேகத்தில் முழுசாக முறுக்குங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது. ஒவ்வொரு கியரிலும் ரேஸ் கொடுத்து விட்டுப் பாருங்கள். எதிலாவது தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் இன்ஜினைப் பிரிக்க வேண்டிவரும். சீட் உயரம் 836 மி.மீ.; கால் எட்டுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

படி 5: கைமாற்றம்

ஃபார்ம் 29 (விற்ற தகவல்) இரண்டு பிரதி, ஃபார்ம் 30 (பெயர் மாற்ற விண்ணப்பம்), இரண்டிலும் விற்பவர் கையெழுத்து. வேறு ஆர்.டி.ஓ. எல்லை என்றால் ஃபார்ம் 28 என்ஓசியும். விற்பவர் அதே மாநிலத்துக்குள் 14 நாளில் தகவல் கொடுக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். இன்ஷூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு 14 நாள். வண்டி கைமாறிய தேதியும் நேரமும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட டெலிவரி நோட் ஒன்று அவசியம். முந்தின நாள் விழுந்த அபராதம் யாருடையது என்ற சண்டைக்கு அதுதான் சாட்சி.

வீட்டுக்கு வந்த அன்றே இன்ஜின் ஆயில் (10டபிள்யூ-30, சுமார் ஒரு லிட்டர்), ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், முன் டிஸ்க் பிரேக் ஆயில், பெட்ரோல் டியூப் எல்லாவற்றையும் மாற்றுங்கள். கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, வெடிப்பு விழுந்த ரப்பர்களைப் புதிதாக்குங்கள். 200 கி.மீ. ஓடியதும் ஸ்போக்குகளை மறுபடி ஒருமுறை தட்டிப் பாருங்கள்.