பாதியில் திரும்பி வந்த விண்டோஸ் அப்கிரேட்: மறுபடி ஓட்டும் முன்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, சரி 11-க்குப் போய்விடலாம் என்று உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் அந்தச் சுற்றும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்து, கடைசியில் செய்த மாற்றங்களை எல்லாம் அதுவே கழற்றிவிட்டுப் பழைய டெஸ்க்டாப்புக்கே வந்து நின்றால் எரிச்சலாகத்தான் இருக்கும். உடனே மறுபடி ஓட்டாதீர்கள். எதையும் மாற்றாமல் ஓட்டினால் பெரும்பாலும் அதே இடத்தில்தான் விழும்.

முதல் வேலை பேக்கப். படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு, அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொண்டு, அப்கிரேட் முடியும்வரை பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்துவிடுங்கள். பயாஸில் (விண்டோஸ் எழும் முன்பே வரும் கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கம்) எதையாவது மாற்றினால் அந்த 48 இலக்கச் சாவியைக் கேட்டு நிற்க வாய்ப்பு உண்டு.

அப்புறம் பிழைக் குறியீடு. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதற்குள் அப்டேட் ஹிஸ்டரி என்று போனால் தோற்றுப்போன முயற்சிக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதில் 80070070 இருந்தால் சி டிரைவில் இடம் இல்லை, அவ்வளவுதான். 25, 30 ஜிபி காலி செய்யுங்கள். டெம்பரரி ஃபைல்ஸ் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் ஒரு வரியாக வரும், அதையும் டிக் செய்து தொலைத்துவிட்டு வருந்தியவர்கள் நிறைய. 1900208 என்றால் ஏதோ ஒரு மென்பொருள் ஒத்துவரவில்லை. 1900200 என்றால் கணினி குறைந்தபட்சத் தகுதியை எட்டவில்லை. 11-க்கு 4 ஜிபி ராம், 64 ஜிபி டிஸ்க், நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் எல்லாம் வேண்டும், ஆதரவுப் பட்டியலில் உள்ள பிராசசரும் வேண்டும். டிபிஎம் பல கணினிகளில் இருக்கும், ஆனால் பயாஸில் அணைந்து கிடக்கும். இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடுங்கள்.

தொல்லை பிடித்தது 1900101. இது அநேகமாக டிரைவர் பிரச்சினை, அதாவது ஒரு கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளின் கோளாறு. கோடு போட்டு அதற்குப் பின்னால் இன்னொரு எண் வரும் பாருங்கள், முன்னால் இருக்கும் 0x-ஐ விட்டுவிட்டால் அதன் முதல் இலக்கம்தான் எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று சொல்லும்: 2 என்றால் கறுப்புத் திரையில் ஃபைல்களை மாற்றும்போது, 3 என்றால் புதிய விண்டோஸ் முதல் தடவை எழும்போது, 4 என்றால் அதற்கும் அடுத்த கட்டத்தில்.

என் கணினி மூன்று தடவை 30018 காட்டியது. பிரின்டர், வெப்கேம், யுஎஸ்பி ஹப் எல்லாவற்றையும் பிடுங்கி, கீபோர்டும் மவுஸும் மட்டும் வைத்தும் பார்த்தாயிற்று, நகரவில்லை. கடைசியில் சி டிரைவில் மறைந்திருக்கும், டாலர் குறியில் தொடங்கும் விண்டோஸ் ஃபோல்டரைத் திறந்து, சோர்சஸ், அதற்குள் பாந்தர் என்று போய், செட்அப்எர் என்ற லாக் ஃபைலின் அடிப்பகுதியைப் படித்தால், எப்போதோ தூக்கிப்போட்ட ஒரு ஆடியோ கருவியின் டிரைவர் பெயர் அங்கே திரும்பத் திரும்ப வருகிறது. கருவி போய் வருடங்கள் ஆகியும் டிரைவர் மட்டும் வீட்டைக் காலி செய்யவில்லை. டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவில் ஷோ ஹிடன் டிவைசஸ் போட்டதும் மங்கலாகத் தெரிந்தது. அன்இன்ஸ்டால் செய்யும்போது டிரைவரையும் சேர்த்து நீக்கும் பெட்டியில் டிக் செய்ய மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அது மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். லாக் படிக்கப் பொறுமை இல்லையென்றால் மைக்ரோசாஃப்டின் செட்அப்டயக் என்ற இலவசக் கருவி அதையே படித்துச் சொல்லும்.

வெளியிலிருந்து போட்ட ஆன்டிவைரஸை அணைத்து வைப்பது போதாது, முழுதாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். சிஸ்டம் ஃபைல்கள் மேல் சந்தேகம் இருந்தால் அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் அவற்றைச் சரிசெய்யும் இரண்டு கட்டளைகளை ஓட்டுங்கள்: முதலில் டிஸ்ம் ரீஸ்டோர்ஹெல்த் (DISM /Online /Cleanup-Image /RestoreHealth), பிறகு எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow).

இப்போது ஓட்டுங்கள், அப்டேட் பக்கம் வழியாக வேண்டாம். மைக்ரோசாஃப்ட் தளத்தில் விண்டோஸ் நிறுவும் டிஸ்க்கின் முழு நகலான ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, விண்டோஸ் ஓடும்போதே அதைத் திறந்து செட்அப்பை அழுத்தி, ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள்ளும் தேர்வு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். லேப்டாப் என்றால் சார்ஜர் மாட்டியே இருக்கட்டும். சதவீதம் நகரவில்லை என்று பவர் பட்டனை அமுக்காதீர்கள், டிஸ்க் விளக்கு சிமிட்டும்வரை வேலை நடக்கிறது.

ஏறிவிட்டால் விண்டோஸ் ஓல்டு ஃபோல்டரை உடனே அழிக்க வேண்டாம். பழையதற்கே திரும்ப 10 நாள் அவகாசம் இருக்கிறது, அதற்குள் பிரின்டரும் வைஃபையும் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.