பாடகருக்குச் சுருதி விலகுகிறதா? முதலில் மானிட்டரைப் பாருங்கள்

மெல்லிசைக் குழுவில் என் வேலை கீபோர்டு. சவுண்ட் பக்கம் போனதற்குக் காரணம், ஒரு ரிசப்ஷன் கச்சேரியில் போன மானம்.

ரிகர்சலில் பிசிறு தட்டாமல் பாடிய அக்கா, அன்று மேடையில் இரண்டாவது பாட்டிலேயே சுருதி இறங்கினார். டிரம்ஸ் தம்பி தாளத்தை இழுத்துக்கொண்டே போனான். இறங்கி வந்ததும் எல்லோரும் அக்காவைத்தான் குறை சொன்னோம். "எனக்கு என் குரலே கேக்கலடா" என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

அவர் சொன்னதுதான் உண்மை. பாடுபவர் தன் குரலைக் கேட்க, மேடையில் அவரைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கர்தான் மானிட்டர். அது சரியில்லையென்றால், மண்டபத்தில் மோதித் திரும்பும் சத்தம்தான் மேடையில் கேட்கும். மண்டபத்தின் நீளம் 30 மீட்டர் என்று வையுங்கள். பெரிய பாக்ஸிலிருந்து கிளம்பும் சத்தம் பின்சுவரில் மோதித் திரும்ப 60 மீட்டர் ஓட வேண்டும். வினாடிக்குச் சுமார் 345 மீட்டர் வேகம் என்றால், மேடைக்கு வர 0.17 வினாடி ஆகும். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கு அரை வினாடி. மூன்றில் ஒரு பங்கு தாமதமாக வருவதைக் கேட்டு வாசித்தால் தாளம் இழுக்காமல் என்ன செய்யும்? பாடுபவரோ தன் குரலைத் தேடிக் கத்துவார். கத்தினால் சுருதி நிற்காது, ஐந்தாவது பாட்டில் தொண்டையும் கட்டிவிடும்.

ஐந்தாறு பேர் கொண்ட குழு, சின்ன மிக்சர், முன்னால் இரண்டு பாக்ஸ், தரையில் இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த வயர் எதில் சொருகும் என்பது உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

1. இடம்

பெரிய பாக்ஸ் இரண்டும் மைக்குகளுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். டெக்கரேஷன்காரர் "பூ அலங்காரத்தை மறைக்குது" என்று பின்னால் தள்ளச் சொல்வார். விட்டுக்கொடுக்காதீர்கள். பின்னால் போனால் பாக்ஸ் சத்தம் நேராக மைக்குக்குள் பாயும், 'கூ' என்று ஊளையிடும்.

மானிட்டர் எங்கே என்பது மைக்கைப் பொறுத்தது. ஷூர் எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு மைக்குக்கு, நேர் பின்பக்கம்தான் காது மந்தம். மைக்கின் வால் மானிட்டரைப் பார்க்கட்டும். பீட்டா 58ஏ போன்ற சூப்பர் கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்பக்கம் கொஞ்சம் கேட்கும், பின்பக்கத்தின் இரு ஓரங்கள்தான் மந்தம். அதற்கு மானிட்டரைச் சற்றுப் பக்கவாட்டில் தள்ளுங்கள். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்துப் பாடும் தம்பிகளிடம் அன்பாகச் சொல்லுங்கள்: பொத்தினால் இந்த வித்தியாசமெல்லாம் போய், மைக் எல்லாத் திசையிலும் கேட்க ஆரம்பித்துவிடும்.

2. கெயின்

மைக்கிலிருந்து வரும் சத்தத்தை மிக்சர் எவ்வளவு பெரிதாக்கி எடுத்துக்கொள்கிறது என்பதுதான் கெயின். "ஹலோ, ஒன், டூ, த்ரீ" சொல்லிக் கெயின் வைக்காதீர்கள். பாட்டிலேயே உச்சமான வரியை முழுக் குரலில் பாடச் சொல்லி, சிவப்பு விளக்கு எரியாத அளவுக்கு வையுங்கள். குரல் மைக்குகளுக்கெல்லாம், அடியில் கேட்கும் 'தம் தம்' இரைச்சலை வெட்டும் லோ கட் பட்டனை அமுக்குங்கள். அவ்வளவுதான்.

3. மானிட்டர்: நான் விழுந்த குழி

கச்சேரி நடுவில் "குரல் கேக்கல, ஏத்துங்க" என்று முன்வரிசையிலிருந்து சைகை வரும். மிக்சரில் அக்கா குரலுக்கான ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் தள்ளும் கட்டை) ஏற்றுவேன். உடனே மானிட்டர் ஊளையிடும். இறக்கினால் அக்கா முறைப்பார். பல மாதம் ஸ்பீக்கரைச் சந்தேகித்தேன், இரண்டு முறை மைக்கையே மாற்றினேன். கடைசியில் பார்த்தால், மானிட்டருக்குச் சத்தத்தைப் பிரித்து அனுப்பும் தனி வழியான ஆக்ஸ், 'போஸ்ட்' நிலையில் இருந்திருக்கிறது.

ஃபேடரை ஒரு மதகு என்று நினையுங்கள். போஸ்ட் என்றால் மானிட்டர் வாய்க்கால் மதகுக்குக் கீழே பிரிகிறது. மதகைத் திறந்தால் அதிலும் வெள்ளம் ஏறும். ப்ரீ என்றால் மதகுக்கு மேலேயே பிரிந்துவிடும், ஃபேடரை என்ன செய்தாலும் மானிட்டர் அசையாது. மேடைக்கு ப்ரீதான் வேண்டும். எக்கோவுக்கு மட்டும் போஸ்ட், ஏனென்றால் குரலை இறக்கும்போது எக்கோவும் கூடவே இறங்க வேண்டும்.

சோதிப்பது சுலபம். ஒருவரைப் பாடச் சொல்லி ஃபேடரை அடிவரை இறக்குங்கள். மானிட்டரில் குரல் நின்றுவிட்டால் அது போஸ்ட். பக்கத்தில் ப்ரீ பட்டன் இருக்கிறதா என்று தேடுங்கள். சில சின்ன மிக்சர்களில் எக்கோ போன்ற எஃபெக்ட்ஸுக்கு அனுப்பும் ஒரே ஒரு வழி (சென்ட்) மட்டும் இருக்கும், அது பெரும்பாலும் போஸ்ட். அதை வைத்து மானிட்டர் ஓட்டுவது தலைவலி.

இனி வரிசை. பெரிய பாக்ஸை அணைத்துவிட்டு மானிட்டரை முதலில் சரிசெய்யுங்கள். பாடுபவருக்கு அவர் குரல், சுருதிக்குக் கொஞ்சம் கீபோர்டு போதும். டிரம்ஸை அதில் போடாதீர்கள், அது பக்கத்திலேயே இடித்துக்கொண்டுதான் இருக்கிறது. மெல்ல ஏற்றுங்கள். ஊளை தொடங்கும் இடத்தில் அந்த அலைவரிசையை ஈக்வலைசரில் 3 முதல் 6 டெசிபல் குறையுங்கள். 'ஊ' என்றால் 250 முதல் 500 ஹெர்ட்ஸ் பக்கம், 'கீ' என்றால் 2000-க்கு மேல் தேடுங்கள். நாலைந்து இடத்துக்கு மேல் வெட்டினால் குரல் தகரமாகிவிடும், அதற்குப் பதில் மானிட்டரை நகர்த்துங்கள். முடிந்ததும் 3 டெசிபல் இறக்கி வையுங்கள். அதன் பிறகே பெரிய பாக்ஸ்.

திறந்திருக்கும் மைக் இரட்டிப்பானால், ஊளையில்லாமல் கிடைக்கும் சத்தத்தில் 3 டெசிபல் போகும். கோரஸ் மைக்கை அவர்கள் பாடும்போது மட்டும் திறங்கள்.

என் விருப்பம், வைஃபை மூலம் டேப்லெட்டிலிருந்தே இயக்கும் மிக்சர். பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18-ல் ஆறு ஆக்ஸ், ஒவ்வொன்றுக்கும் ப்ரீயா போஸ்டா என்று திரையிலேயே தேர்வு செய்யலாம். பந்தி வாசலில் நின்று கேட்டுக்கொண்டே சரிசெய்யலாம். எந்தக் கம்பெனியுடையதானாலும் தனி ரூட்டர் எடுத்துப் போங்கள், நூறு போன் இருக்கும் மண்டபத்தில் உள்வைஃபை திணறும்.

பின்சேர்க்கை: கீபோர்டைச் சொருகியதும் 'ங்ங்ங்' என்ற இரைச்சல் வருவதாக ஒருவர் கேட்டார். மேடையில் ஒரு பிளக்கிலும் மிக்சர் பக்கம் வேறு பிளக்கிலும் கரண்ட் எடுத்தால் வரும் எர்த் லூப் அது. இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுங்கள். போகவில்லையென்றால் கீபோர்டுக்கும் மிக்சருக்கும் நடுவில் டிஐ பாக்ஸ் (வாத்தியத்தின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வைத்து, ஆடியோ வயரின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை அதில் தட்டுங்கள். பிளக்கின் எர்த் பின்னை உடைக்கச் சொல்லும் 'அனுபவசாலி'களிடம் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். மைக்கில் உதடு படும்போது ஷாக் அடிக்கும், உயிருக்கே ஆபத்து.