ஹெச்-1பியில் இருக்கிறீர்களா? துப்பாக்கியைத் தொடும் முன் ஒரு நிமிஷம்

அமெரிக்கா வந்து சில மாதம் ஆனதும் ஆபீசில் யாராவது ஒருவர் கூப்பிடுவார்: "சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போறோம், நீயும் வா." வாடகைக்கு ஒரு ரைஃபிள், ஒரு பெட்டித் தோட்டா, நாலு போட்டோ, உடனே வாட்சப் ஸ்டேட்டஸ். ஊரில் துப்பாக்கி என்றால் பேங்க் வாசலில் செக்யூரிட்டி தோளில் தொங்கும், இல்லாவிட்டால் என்சிசி கேம்பில் வரிசையில் நின்று .22-வில் ஐந்து ரவுண்டு சுட்டிருப்போம். இங்கே கடையில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்ததும் எல்லாருக்கும் எல்லாமே அனுமதி என்று தோன்றிவிடுகிறது. அப்படி இல்லை.

ஹெச்-1பி, எல்-1, எஃப்-1, ஹெச்-4 என்று குடியேறாதோர் விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பதுதான் கூட்டரசுச் சட்டத்தின் பொது விதி. பிரிவு 922(ஜி)(5). "வைத்திருப்பது" என்றால் சொந்தமாக வாங்கி அலமாரியில் பூட்டுவது மட்டும் இல்லை. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து அரை மணி நேரம் கையில் பிடிப்பதும் அதில் அடங்கும். 2022-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. கவுண்டரில் இருப்பவர் டிரைவிங் லைசென்ஸைப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைக் கொடுத்துவிடுவார். விசாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத இடங்கள் உண்டு. அவர் கேட்கவில்லை என்பதால் உங்களுக்கு அனுமதி வந்துவிடாது.

கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை கிடையாது. நான் அதுவரை பொறுத்திருந்துதான் வாங்கினேன். நண்பர்கள் பயந்தாங்கொள்ளி என்றார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். பொறுக்க முடியாது என்பவர்களுக்குச் சட்டத்திலேயே ஒரு விலக்கு இருக்கிறது: அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் மேலே சொன்ன தடை பொருந்தாது. நீங்கள் மானையோ பன்றியையோ சுட வேண்டும் என்பதில்லை, லைசென்ஸ் இருந்தால் போதும். எந்த மாநிலம் கொடுத்ததாகவும் இருக்கலாம். சில மாநிலங்களில் அதற்கு முன் வேட்டைக் கல்வி வகுப்பை முடிக்க வேண்டியிருக்கும்.

மற்ற படிகளை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ஊரில் மாதிரி கலெக்டர் ஆபீஸ், போலீஸ் விசாரணை, "உமக்கு உயிருக்கு என்ன ஆபத்து?" என்ற கேள்வி எதுவும் பெரும்பாலான மாநிலங்களில் கிடையாது. லைசென்ஸ் பெற்ற கடையில் ஃபார்ம் 4473 நிரப்ப வேண்டும். குடியுரிமை, விசா, ஐ-94 எனும் நுழைவுப் பதிவின் எண், நீங்கள் வசிக்கும் மாநிலத்துக்கான சான்று எல்லாம் கேட்பார்கள். விலக்கில் வாங்குபவர் வேட்டை லைசென்ஸையும் காட்ட வேண்டும். பிறகு எஃப்பிஐயின் உடனடிச் சோதனை. குடியுரிமை இல்லாதவர்களுக்குக் குடிவரவுப் பதிவுகளிலும் தேடுவார்கள் என்பதால் நமக்குச் சில சமயம் தாமதமாகும், பதற வேண்டாம். கஞ்சா பற்றி ஒரு கேள்வி வரும். உங்கள் மாநிலத்தில் அனுமதி இருந்தாலும் கூட்டரசுச் சட்டப்படி அது குற்றம்தான் என்று அந்தப் படிவத்திலேயே எச்சரித்திருப்பார்கள். பொய் எழுதினால் அது தனிக் குற்றம். சரி, இதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான்.

யாரும் சொல்லாத பொறி அந்த லைசென்ஸின் தேதியில் இருக்கிறது.

என் நண்பர் ஒருவர், ஹெச்-1பி, டெக்சாஸில் இருக்கிறார். எதையும் முறையாகச் செய்கிற ஆள், வரிக் கணக்கைக்கூட பிப்ரவரியிலேயே முடித்துவிடுவார். வேட்டைக் கல்வி முடித்து, ஜூலை மாதம் லைசென்ஸ் எடுத்து, அதைக் காட்டி 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா அளவில் ஏஆர்-10 வகை செமி-ஆட்டோ ரைஃபிள் ஒன்று வாங்கினார். ஒரு வருட லைசென்ஸ், அடுத்த ஜூலையில் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. நாம் எல்லாரும் அப்படித்தான் நினைப்போம், வாங்கிய நாளிலிருந்துதானே கணக்கு! டெக்சாஸில் வேட்டை ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிகிறது. எந்த மாதம் வாங்கினாலும் அன்றைக்கு லைசென்ஸ் காலாவதி. செப்டம்பர் முதல் தேதி காலையில் அவர் வீட்டுப் பெட்டகத்தில் இருந்த ரைஃபிளும் பக்கத்தில் இருந்த தோட்டாப் பெட்டிகளும் சட்ட விரோதமாகிவிட்டன. மனுஷர் அது தெரியாமல் இரண்டு வார இறுதிகள் 600 கஜம் சுட்டுவிட்டு வந்திருக்கிறார்.

எப்படித் தெரிந்தது? இலையுதிர் காலத்தில் இன்னொரு ரைஃபிள் வாங்கப் போன இடத்தில், கவுண்டரில் இருந்த பெண்மணி லைசென்ஸைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது செத்துப் போச்சே" என்று படிவத்தை மூடிவிட்டார். அந்த அம்மாவுக்கு என் வணக்கம். முதல் கடையில் விற்றவர் தேதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

லைசென்ஸை அன்றே புதுப்பித்துவிட்டார், அது சுலபம். கஷ்டம் அதற்கு அப்புறம்தான். கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: கைதாகாவிட்டாலும், வழக்கே இல்லாவிட்டாலும், எப்போதாவது குற்றம் எதுவும் செய்திருக்கிறீர்களா? யாரும் பிடிக்கவில்லை, யாருக்கும் தெரியாது என்று "இல்லை" போடுவதா? போட்டால் அது பொய்யா? தெரியாமல் நடந்தது குற்றமாகுமா? இதற்குக் குடிவரவு வக்கீல் ஒருவர், குற்றவியல் வக்கீல் ஒருவர் என்று இரண்டு பேருக்கு மணிக்கணக்கில் கட்டணம். ரைஃபிள் விலையைத் தாண்டிவிட்டது. வக்கீல்கள் என்ன எழுதச் சொன்னார்கள் என்பது அவருக்கும் அவர்களுக்கும் இடையில் உள்ள விஷயம். கோப்பு தயாராகும்வரை அவர் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். இவ்வளவுக்கும் அவர் விதியைப் படித்துவிட்டு நடந்தவர்! விசா நினைப்பே இல்லாமல் ரேஞ்சில் போட்டோ எடுத்துப் போடுகிற பையன்களை நினைத்தால்தான் எரிச்சலாக வருகிறது.

ஆகவே விலக்கில் வாங்குபவர் தேதியை போனில் அலாரமாகவே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாநிலத்தில் அது காலண்டர் ஆண்டா, பருவமா, வாங்கிய நாளிலிருந்து கணக்கா என்று முதல் நாளே கேளுங்கள். புது லைசென்ஸ் கைக்கு வராமல் பழையது முடிய விடாதீர்கள்.

வேலை போனால் கதை இன்னும் மோசம். ஹெச்-1பிக்கு 60 நாள் வரை சலுகைக் காலம். அதைத் தாண்டி, மனு எதுவும் நிலுவையில் இல்லாமல் இங்கேயே இருந்துவிட்டால் சட்டப்படியான நிலை போய்விடும். அப்போது வேட்டை லைசென்ஸ் கட்டுக்கட்டாக இருந்தாலும் விலக்கு கிடையாது, அது நிலை உள்ளவர்களுக்கு மட்டும்தான். ஃபுளோரிடாவில் மாணவ விசாவில் வந்த ரெஹாய்ஃப் என்பவர் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட பிறகு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டதில் 18 மாதத் தண்டனை பெற்றார். தன் நிலை போய்விட்டது அவருக்குத் தெரியும் என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நமக்குச் சாதகமான தீர்ப்புதான், ஆனால் அதை வாங்க அவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. லேஆஃப் மெயில் வந்த வாரமே ரைஃபிளை என்ன செய்வது என்று வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். ரூம்மேட்டிடம் "கொஞ்ச நாள் வைத்திரு" என்று கொடுத்துவிடாதீர்கள், அவரும் ஹெச்-1பியாகத்தான் இருப்பார்.

வீட்டில் மனைவி ஹெச்-4 என்றால் பெட்டகத்தின் சாவியோ எண்ணோ அவரிடம் இருக்கக் கூடாது. கை படாவிட்டாலும், எடுக்க முடிகிற நிலையில் இருந்தாலே உடைமை என்று வாதிட இடம் இருக்கிறது.

அப்புறம் மாநிலம். நமக்கு புராஜெக்ட் மாறினால் ஊர் மாறும். டெக்சாஸில் சாதாரணமான அதே செமி-ஆட்டோ ரைஃபிள், கழற்றி மாட்டும் மேகசினும் பிஸ்டல் பிடியும் இருப்பதால் கலிஃபோர்னியாவில் தடை செய்யப்பட்ட ஆயுதமாகிவிடும். நியூ யார்க், நியூ ஜெர்சி, மேரிலாந்து, மாசசூசெட்ஸ் ஆகிய மாநிலங்களிலும் அந்த வகைத் தடைகள் உண்டு. இல்லினாயும் வாஷிங்டனும் 2023-இல் சேர்ந்தன. சாமான் ஏற்ற யூ-ஹால் வாடகை லாரி புக் பண்ணும் முன் இதைப் பாருங்கள். வழியில் கடந்துபோகும் மாநிலங்களுக்கு 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பாதுகாப்பு தருகிறது: கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் சட்டப்படி வைத்திருக்கலாம் என்றால், துப்பாக்கியிலிருந்து தோட்டாவைக் கழற்றிவிட்டு, கைக்கு எட்டாமல் டிக்கியில் கொண்டு போகலாம். கடந்து போவதற்கு மட்டும்தான் அது, நண்பர் வீட்டில் மூன்று நாள் தங்குவதற்கு இல்லை.

இனி ரைஃபிள். தூரம் சுடுவதென்றால், ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன்தான் சுலபம், முதலில் அதையே வாங்கு என்று எல்லாரும் சொல்வார்கள். சரியான யோசனைதான். நான் கேட்கவில்லை, செமி-ஆட்டோதான் எனக்குப் பிடிக்கும், இங்கே அதை கேஸ் கன் என்பார்கள். வெடித்த வாயுவில் கொஞ்சத்தைக் குழலிலிருந்து பின்னுக்குத் திருப்பி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். அந்த வசதிக்கு விலை உண்டு. குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே உள்ளே கனமான பாகங்கள் அசையத் தொடங்கலாம். பின்னால் போய் இடிக்கும், மறுபடி முன்னால் வந்து இடிக்கும். ட்ரிகரை அழுத்தியதும் உடம்பைத் தளர்த்திவிட்டால் குண்டு எங்கோ போகும். அழுத்திய ட்ரிகரை அழுத்தியபடியே பிடித்து, ஸ்கோப்பில் குறி மறுபடி நிலைக்கும்வரை அசையாமல் இருக்கப் பழகினாலே பாதிப் பிரச்சினை தீரும். உடம்பு ரைஃபிளுக்கு நேர் பின்னால் இருக்கட்டும், என்சிசியில் சொல்லிக்கொடுத்த மாதிரி சாய்வாகப் படுக்காதீர்கள்.

நல்ல குழலும், போட்டிக்கென்றே செய்த மேட்ச் தோட்டாவும் இருந்தால் நல்ல கேஸ் கன் ஒரு எம்ஓஏ அளவில் சுடும். அதாவது 100 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல், 1000 கஜத்தில் பத்து அங்குலம் சொச்சம். அரை எம்ஓஏ என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் மூன்று குண்டு சுட்டுச் சொல்கிறார்களா, பத்து குண்டா என்று பாருங்கள். இன்னொன்று, கையால் ஏற்றிய முதல் தோட்டா சில ரைஃபிள்களில் தள்ளிப் போய் விழும், அடுத்தடுத்தவை ஒன்றாக விழும். ஸ்கோப்பைத் திருகும் முன் உங்கள் ரைஃபிளுக்கு இந்தப் பழக்கம் உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

ஏஆர் வகையில் போல்ட் மூடும்போது சுடும் ஊசியான ஃபயரிங் பின், தோட்டாவின் அடியில் தீப்பற்ற வைக்கும் ப்ரைமரை லேசாகத் தொடும். சுடாமல் வெளியே எடுத்த தோட்டாவில் ஒரு சின்னப் பள்ளம் தெரியும், அது சாதாரணம். அதே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்குவதுதான் வேண்டாம்.

.308 என்ற தோட்டா அளவில் 175 கிரெய்ன் எடையுள்ள குண்டு 1000 கஜத்துக்குள் முப்பது அடிக்கு மேல் கீழே இறங்குகிறது. கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் இறக்கம் கணக்கு, ஆப் சொல்லிவிடும். காற்றுதான் ஆளைக் கவிழ்க்கும். மணிக்கு 10 மைல் காற்று முழுப் பக்கவாட்டில் அடித்தால் அதே குண்டு அந்தத் தூரத்தில் ஏறக்குறைய எட்டடி ஒதுங்கும். 6.5 கிரீட்மோரில் குறைவு, ஆனாலும் பல அடிதான். கடிகாரத்தில் மூன்று மணித் திசையிலிருந்து வந்தால் முழு மதிப்பு, ஒன்றரை மணி என்றால் பத்தில் ஏழு பங்கு, பன்னிரண்டு என்றால் ஏறக்குறைய சைபர். காற்றை அளக்கும் மெஷினைப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள், அது நீங்கள் இருக்கும் இடத்துக் காற்றை மட்டும்தான் சொல்லும். புல் சாய்வதையும், ஸ்கோப்பில் தெரியும் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் பாருங்கள். கானல் நமக்குப் புதிதா என்ன, மே மாதத் தார்ச் சாலையில் பார்த்து வளர்ந்தவர்கள்தானே.

பழக இடம் வேண்டுமென்றால் சர்வீஸ் ரைஃபிள் போட்டிகள் நடத்தும் கிளப் ஒன்றைத் தேடுங்கள். 200, 300, 600 கஜம், செமி-ஆட்டோ ரைஃபிள்தான். பெரும்பாலும் ரிட்டயர் ஆன பெரியவர்கள். பெயரைச் சரியாக உச்சரிக்க மாட்டார்கள், ஆனால் காற்றைப் படிக்கப் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். துப்பாக்கி காலி என்று காட்டும் சேம்பர் ஃப்ளாக் போடுங்கள், "சீஸ் ஃபயர்" என்றால் கையை எடுத்துவிட்டுப் பின்னால் வந்து நில்லுங்கள். உங்கள் வெற்றுத் தோட்டா பக்கத்து ஆளின் கழுத்தில் சுடச்சுட விழும், அதைத் தடுக்க ஒரு தட்டி கொண்டு போனால் முதல் நாளே நல்ல பெயர்.

கடைசியாக, ரேஞ்சுக்குக் கொண்டு போகும் பையை ஊருக்குப் போகும்போது எடுக்காதீர்கள். அவசரத்தில் பேக் பேக்காக மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஓரத்து ஜிப்பில் கிடக்கும் ஒரே ஒரு தோட்டா இங்கே ஏர்போர்ட்டில் அபராதத்தில் முடியலாம், இந்திய ஏர்போர்ட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு. தெரியாமல் இருந்தது என்று நிரூபித்து, வழக்கை ஹைகோர்ட்டில் ரத்து செய்து வெளியே வந்தவர்கள் உண்டு, லீவு மொத்தமும் அதிலேயே போயிருக்கும். மச்சானுக்கு ஸ்கோப் வாங்கிக்கொண்டு போகும் ஆசையும் வேண்டாம், அதுவும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் வருகிற சாமான். ரேஞ்சுக்கென்று கண்ணை உறுத்தும் நிறத்தில் தனியாக ஒரு பை வாங்கி, அதை கராஜிலேயே வையுங்கள்.