ஒயின் நிலவறை: பூசண வாடை வராமல் அமைக்கும் முறை

பிரான்சின் பழைய வீடுகள் பலவற்றில் தரைக்குக் கீழே ஒரு நிலவறை இருக்கும். கல் சுவர், சரளைத் தரை, வெயில் காலத்திலும் இறங்காத குளிர். அதை ஒயின் அறையாக்க நினைப்பவர்கள் முதலில் குளிரூட்டும் கருவியைத்தான் விசாரிக்கிறார்கள். அதற்கு முன் விசாரிக்க வேண்டியவை மரமும் பெயின்டும்.

பாட்டிலைத் திறந்ததும் ஈரத் துணியைச் சுருட்டி வைத்தது போல ஒரு வாடை வந்தால், பழி கார்க்கின் மேல் விழும். அந்த வாடைக்குக் காரணம் டிசிஏ என்ற சேர்மம் என்று சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 1982-ல் கண்டறிந்தார்கள். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். அதன் உறவுக்காரன் டிபிஏ-வை பிரான்சின் போர்தோ நகரைச் சேர்ந்த ஆய்வாளர் பாஸ்கல் ஷத்தோனேயின் குழு 2004-ல் அடையாளம் காட்டியது. இவை உருவாகக் கார்க்கே தேவையில்லை. மரத்துக்கு அடித்த மருந்தில் குளோரின் அல்லது புரோமின் சேர்ந்த ஃபீனால் (ஹாலோஃபீனால் என்ற ரசாயனம்) இருந்து, அதன் மேல் பூசணம் படர்ந்தால் போதும். வாடை காற்றில் கலந்து கார்க், பீப்பாய், ரப்பர் குழாய் என்று உறிஞ்சும் பொருள் எல்லாவற்றிலும் ஏறிவிடும்.

2 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் உயரம், அதாவது 11 கன மீட்டர் அறை ஒன்றைக் கணக்காக வைத்துக்கொள்வோம்.

படி 1: பழைய மரத்தைச் சோதியுங்கள்

உத்தரம், பழைய அலமாரி, கதவு ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி சீவல் எடுங்கள். தனித்தனி ஜாடியில் போட்டு, வெதுவெதுப்பான நீர் சிறிது தெளித்து மூடுங்கள். மறுநாள் வெளிக்காற்றில் நின்று முகருங்கள். நிலவறைக்குள் நின்று முகர்ந்தால் பயனில்லை. இந்த வாடைக்கு மூக்கு சீக்கிரம் மரத்துப் போகும். பூசண வாடை வந்த மரத்தைக் கழற்றி வெளியேற்றுங்கள். மேலே வார்னிஷ் அடித்து மறைப்பது வேலைக்கு ஆகாது, சேர்மம் அதையும் தாண்டி வரும். வாடை இல்லை என்பதால் மட்டும் மரம் சுத்தம் என்று முடிவு கட்டவும் வேண்டாம். கடைசிப் படி அதற்காகத்தான்.

படி 2: ப்ளீச்சைத் தொடாதீர்கள்

தொடக்கக்காரர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். பூசணத்தைப் பார்த்ததும் ப்ளீச் ஊற்றிக் கழுவுவார்கள். அதிலுள்ள குளோரின் மரத்திலுள்ள ஃபீனாலோடு சேர்ந்து குளோரோஃபீனால் ஆகும். மிஞ்சிய பூசணம் அதை டிசிஏ ஆக்கும். சுத்தம் செய்யப் போய் நோயையே விதைத்த கதை. சுடுநீரும் பிரஷும் முதலில். பிறகு குளோரின் இல்லாத சோடியம் பெர்கார்பனேட் கரைசல். கடைசியில் நன்றாக அலசிக் காய விடுங்கள்.

படி 3: சுவருக்குச் சுண்ணாம்பு

பொங்கலுக்கு வெள்ளையடித்த கை என்றால் இது பழகிய வேலை. நீற்றிய சுண்ணாம்புத் தூள் 1 பங்கு, தண்ணீர் 2 பங்கு. கலக்கி ஓர் இரவு வைத்து வடிகட்டுங்கள். சுவரை நனைத்துவிட்டு மெல்லிசாக அடியுங்கள். ஒரு நாள் இடைவெளியில் மூன்று பூச்சு. கெட்டியாக அடித்தால் வெடித்து உதிரும். காய்ந்த சுவரில் அடித்தால் கையோடு மாவாக வரும். சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் எளிதில் வேர் பிடிக்காது. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

கதவு இடுக்கை அடைக்க, வினிகர் நெடி அடிக்கும் சிலிக்கான் வேண்டாம். நியூட்ரல் வகை வாங்குங்கள்.

படி 4: வாங்கும் பொருளின் சீட்டைப் படியுங்கள்

பிரான்சில் பெயின்ட், பலகை, தரை விரிப்பு போன்றவற்றில் ஏ பிளஸ் முதல் சி வரை காற்று உமிழ்வுத் தரம் அச்சிட வேண்டும்; 2013 செப்டம்பரிலிருந்து விற்பனையில் உள்ள எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஏ பிளஸ் என்றால் 28 நாள் சோதனையின் முடிவில் ஃபார்மால்டிஹைடு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கும், மொத்த ஆவிச் சேர்மங்கள் 1000 மைக்ரோகிராமுக்கும் கீழே இருக்கும். ஏ பிளஸ் இல்லாததை வாங்காதீர்கள். ஆனால் அந்தச் சீட்டு மனிதர் மூச்சுக்காக எழுதியது. டிசிஏ-வும் டிபிஏ-வும் அதன் பட்டியலில் இல்லை. எனவே 'பூசண எதிர்ப்பு', 'தீத்தடுப்பு' என்று விளம்பரம் செய்யும் பொருளில் ஹாலோஃபீனால் இல்லை என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

பாட்டில் அடுக்க, மருந்து படாத ஓக் அல்லது செஸ்ட்நட் கட்டை, இல்லையென்றால் கால்வனைஸ் செய்த இரும்பு. எம்டிஎஃப் என்ற மரநார்ப் பலகையும் ப்ளைவுட்டும் வேண்டாம். சரக்கு வந்த பழைய மரத்தட்டை (பேலட்) உடைத்து அலமாரி செய்வது இப்போது நாகரிகம். வெப்பத்தில் பதப்படுத்திய முத்திரை இருந்தாலும் அதன் மேல் எந்த ரசாயனம் சிந்தியது என்று முத்திரை சொல்லாது. அட்டைப்பெட்டிகளையும் உள்ளே விடாதீர்கள்.

படி 5: காற்றுக்கு இரண்டு துளை

தலா 100 மில்லிமீட்டர் விட்டம். வடக்குச் சுவரில் தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில் ஒன்று, எதிர் மூலையில் கூரையை ஒட்டி இன்னொன்று. இரண்டுக்கும் பூச்சி வலையும் மூடியும் வையுங்கள்.

மூடி எதற்கென்றால், வெயில் காலத்தில் 'ஈரம் காயட்டும்' என்று திறந்து வைப்பவர்கள் அறையை நனைக்கிறார்கள். வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் அந்தக் காற்று ஏறக்குறைய 19 டிகிரியிலேயே பனிக்கும். உங்கள் சுவர் 12 டிகிரி. குளிர்ந்த சொம்பில் துளிப்பது போலச் சுவர் வியர்க்கும், பூசணம் கிளம்பும். வெளிக்காற்றின் பனிநிலை, அதாவது அதன் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, சுவரின் வெப்பத்தை விடக் குறைவாக இருக்கும்போது மட்டும் திறவுங்கள். உள்ளே 60 முதல் 75 சதவீத ஈரப்பதம் போதும்.

அதே அறையில் திராட்சைச் சாறு நொதிக்க வைக்காதீர்கள். 100 லிட்டர் சாறு 4 கன மீட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு விடும். இந்த அறையில் அது உயிரை எடுக்கும். மெழுகுவத்தி அணைகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். அது அணையும் அளவுக்கு வாயு சேரும் முன்பே மனிதருக்கு ஆபத்து வந்துவிடும்.

படி 6: பாட்டிலுக்கு முன் சோதனை

வேலை முடிந்து நான்கு வாரம் வெற்று அறையாக விடுங்கள். பிறகு அகலத் தட்டில் பென்டோனைட் என்ற களிமண் தூளைப் பரப்பிச் சில நாள் வையுங்கள். காற்றில் உள்ள ஹாலோஅனிசோல்களை, அதாவது டிசிஏ, டிபிஏ வகைச் சேர்மங்களை, அது பிடித்துக்கொள்ளும். எவ்வளவு தூள், எத்தனை நாள், எதில் கட்டி அனுப்புவது என்பதை ஒயின் ஆய்வகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முடிவு வரும்வரை கார்க் மூட்டையும் காலிப் பீப்பாயும் வெளியிலேயே இருக்கட்டும். நல்ல கார்க் போட்ட பாட்டில் ஓரளவு தாங்கும். முதலில் கெடுபவை அந்தக் கார்க்கும் பீப்பாயும்தான்.