நெட் அறுந்தால் உடனே டவரைத் திட்டாதீர்கள்

போன வாரம் எங்கள் கடையில் வேலை பழகும் தம்பி ஒரு டெஸ்க்டாப்புக்கு ஃபார்மட் போட்டுக்கொண்டிருந்தான். எதற்கு என்று கேட்டேன். "டாங்கிள் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருவாட்டி கட் ஆகுதுண்ணே. சிம் மாத்தியாச்சு, சாஃப்ட்வேரும் திரும்பப் போட்டாச்சு. விண்டோஸ்தான் போயிருக்கணும்" என்றான். கேபினெட்டை, அதாவது சிபியு பெட்டியைப் பார்த்தேன். சிம் போட்டு யூஎஸ்பி-யில் குத்தி நெட் எடுக்கும் அந்த டாங்கிள் முன்பக்கத்தில் மாட்டியிருந்தது. பல வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தப்பு, அதே வரிசையில். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

டாங்கிள் வைத்திருப்பவர்கள் செய்யும் தப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ரீசார்ஜ் தீர்ந்துபோனது, சிம்மைத் திருப்பிப் போட்டது போன்றவை கொஞ்ச நேரத்தில் தானே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முன்பக்க போர்ட்டில் மாட்டுவது

டாங்கிள் என்பது திரையும் பேட்டரியும் இல்லாத ஒரு செல்போன். பேட்டரி இல்லை என்பதுதான் முக்கியம். அது டவரோடு பேச எவ்வளவு கரண்ட் வேண்டுமானாலும் அந்தக் கணமே யூஎஸ்பி போர்ட்டிலிருந்துதான் இழுக்க வேண்டும். யூஎஸ்பி 2.0 போர்ட்டின் கணக்கு 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர். சிக்னல் மோசமான இடத்தில் டாங்கிள் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டே ஓடும். முன்பக்க போர்ட்டுக்கு மதர்போர்டிலிருந்து ஒரு ஒயர் வருகிறது. விலை குறைந்த கேபினெட்டில் அது நூல் மாதிரி இருக்கும். இழுக்கும் கரண்ட் ஏற ஏற அந்த ஒயரிலேயே வோல்ட்டேஜ் விழும். ஒரு அளவுக்குக் கீழே போனதும் டாங்கிள் செத்துப் பிழைக்கும். மவுஸும் கீபோர்டும் அதே போர்ட்டில் ஒழுங்காக ஓடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது.

2013-ல் டைப்பிங் சென்டர் வைத்திருந்த ஒரு அக்காவின் கம்ப்யூட்டரில் இதுதான் நடந்தது. பகலெல்லாம் நெட் ஓடும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அறுந்து அறுந்து விழும். சாயங்காலம் என்றால் டவரில் கூட்டம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அது பாதி உண்மை. கூட்டம் கூடினால் 3ஜி டவரின் வீச்சு சுருங்கும். ஓரத்தில் இருக்கும் டாங்கிள் 2ஜி-க்கு இறங்கிவிடும். ஆனால் 2ஜி-க்கு இறங்கினால் வேகம்தானே குறைய வேண்டும், முழுசாக ஏன் அறுகிறது? அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை.

விடை இதுதான்: 3ஜி-யில் அதிகபட்சம் கால் வாட் அளவில் அனுப்புகிற டாங்கிள், 900 மெகாஹெர்ட்ஸ் 2ஜி-யில் 2 வாட் வரை போகும். அதுவும் ஒரே சீராக இல்லை. நொடிக்கு இருநூறு தடவைக்கு மேல் துடிப்புத் துடிப்பாக. அந்த ஒவ்வொரு துடிப்பையும் அந்த நூல் ஒயர் தாங்க வேண்டும்.

நான் என்ன செய்தேன்? ஃபார்மட் போட்டேன், அவர் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த தமிழ் எழுத்துருக்கள் போயின. வேறு சிம் வாங்க வைத்தேன். அதற்கும் கேட்காததால் புது டாங்கிளே வாங்க வைத்தேன். அதுவும் அறுந்தது. கடைசியில் பென்டிரைவ் போட முன்னால் இடம் வேண்டும் என்று அவரே டாங்கிளைப் பின்னால் மாற்றினார். "தம்பி, பின்னாடி குத்தினதுல இருந்து ஒருதடவைகூட கட் ஆகல" என்று போனில் சொன்னார். டாங்கிள் காசைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அதற்கு முந்தைய வாரம், கடைசித் தேதி அன்று விண்ணப்பம் போகாமல் அங்கிருந்து திரும்பிப்போன ஒரு பையனுக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது? இன்றைக்கும் முன்பக்கத்தில் டாங்கிளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். ஸ்பீக்கரைப் போட்டு வையுங்கள். யூஎஸ்பியைக் கழற்றினால் விண்டோஸ் ஒரு ஓசை எழுப்பும் அல்லவா? நெட் அறும்போது, யாரும் தொடாமலே அந்த ஓசை கேட்டால், டாங்கிளே விழுந்து எழுகிறது. முதலில் கரண்டையும் ஒயரையும் பாருங்கள். ஓசை இல்லாமல் நெட் மட்டும் நின்றால்தான் சிம், ஏபிஎன் (சிம் கம்பெனியின் நெட்டுக்குள் நுழையப் போடும் பெயர்), டவர் பக்கம் போக வேண்டும். அக்காவின் கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் இல்லை. நானும் ஒன்றைக் கொண்டுபோய் மாட்டிப் பார்க்கவில்லை.

மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் பின்பக்க போர்ட்டில் மாட்டுங்கள். அதிலும் விழுந்தால், ஒரு போர்ட்டைப் பலவாக்கும் யூஎஸ்பி ஹப்பில், தனி கரண்ட் அடாப்டர் உள்ளதாக வாங்குங்கள். அடாப்டர் இல்லாத ஹப் நிலைமையை இன்னும் கெடுக்கும்.

மூன்று மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர்

ஒயர் போட்டு டாங்கிளை ஜன்னலோரம் கொண்டுபோகும் எண்ணம் சரிதான். சிக்னல் கூடினால் டாங்கிள் இழுக்கும் கரண்டும் குறையும். ஆனால் கடையில் தொங்கும் நீள ஒயர்களில் பெரும்பாலானவை ஒல்லி. ஜன்னலில் கிடைத்த லாபத்தை ஒயரே தின்றுவிடும். ஒரு மீட்டருக்குள், தடிமனான ஒயராகப் பாருங்கள். முடிந்தால் மேசையையே ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள்.

நீல போர்ட், பக்கத்திலேயே ஹார்ட் டிஸ்க்

நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டில் 900 மில்லி ஆம்பியர் வரை கிடைக்கும், நல்லதுதான். ஆனால் 3.0 இணைப்பில் டேட்டா ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ இரைச்சல் எழும் என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் ஆவணம் வெளியிட்டது. நம் நாட்டு 4ஜி-யில் ஒரு பகுதி 2300 மெகாஹெர்ட்ஸில், அதாவது அதற்கு அடுத்த வீட்டில் ஓடுகிறது. வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி போடும்போது மட்டும் நெட் படுத்தால் இரண்டையும் தள்ளி வையுங்கள்.

இரண்டு கம்பெனி சாஃப்ட்வேர்

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு கம்பெனிகளின் டாங்கிள் சாஃப்ட்வேர் இருந்தால், இரண்டும் ஒரே மோடத்தை, அதாவது டாங்கிளை, பிடிக்கப் பார்க்கும். 'எரர் 633' வந்தால் முதலில் ஒன்றைத் தூக்குங்கள்.

பழைய 3ஜி டாங்கிளோடு மல்லுக்கட்டுவது

ஏர்டெல் 2020-லேயே 3ஜி-யை மூடிவிட்டது. 2016-ல் 4ஜி-யோடு வந்த ஜியோவிடம் முதலிலிருந்தே 2ஜி-யும் இல்லை, 3ஜி-யும் இல்லை. அந்த டாங்கிளில் ஏர்டெல் சிம் 2ஜி-யில் ஊர்ந்து போகும், ஜியோ சிம் எடுக்கவே எடுக்காது. எந்த டிரைவர் போட்டாலும் இது மாறாது. யாராவது சரிசெய்து தருகிறேன் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஹைலிங்க் டாங்கிளில் \*99# டயல் செய்வது

ஹுவாவெய் இ3372 வகையில் ஹைலிங்க் மாடல் தன்னை மோடமாகக் காட்டாது, நெட்வொர்க் கார்டாகக் காட்டும். மோடம் வகை டாங்கிளில் நெட்டை இணைக்கப் போடும் அந்த நம்பரை டயல் செய்ய இதில் ஒன்றும் இல்லை. பிரவுசரில் 192.168.8.1 போட்டு ஏபிஎன்னை அங்கே மாற்றுங்கள்.

அறுந்து விழும் டாங்கிளுக்கு ஃபர்ம்வேர் ஏற்றுவது

ஃபர்ம்வேர் என்பது டாங்கிளுக்குள்ளேயே இருக்கும் சாஃப்ட்வேர். அதை மாற்ற வேண்டாம். பாதியில் அறுந்தால் அது திரும்ப எழாமலே போகலாம்.

பியுகே நம்பரை ஊகித்துப் போடுவது

சிம்மின் 'பின்' நம்பர் மூன்று தடவை தவறினால், பூட்டிய சிம்மைத் திறக்கும் பியுகே நம்பரைக் கேட்கும். அதையும் பத்துத் தடவை தவறாகப் போட்டால் சிம் அதோடு முடிந்தது. மூன்றாவது தவறிலேயே நிறுத்திவிட்டு கஸ்டமர் கேருக்குப் போன் போடுங்கள்.