உயிரிமருந்து உற்பத்திப் பொருள்களுக்கான தேவையைக் கணிப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலோ பைன்டவுனிலோ இருந்துகொண்டு, தடுப்பூசி போன்ற உயிரிமருந்துகளைத் தயாரிக்கும் தொழிற்சாலைகளுக்கு வடிகட்டி, கண்ணாடிக் குப்பி, ரப்பர் மூடி, ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பை ஆகியவற்றை வரவழைத்து விற்க நினைப்பவர், ஒப்பந்த அறிவிப்பு வேறு, கொள்முதல் வேறு என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். டர்பனைத் தலைமையிடமாகக் கொண்ட ஆஸ்பென் நிறுவனம், ஜான்சன் அண்ட் ஜான்சன் கோவிட் தடுப்பூசியைத் தன் சொந்தப் பெயரில் ஆப்பிரிக்காவில் விற்கும் உரிமத்தை 2022 மார்ச்சில் பெற்றது; ஆனால் அந்தப் பெயரில் ஆர்டர் வரவே இல்லை.

அடுத்து, வாங்கவிருக்கும் ஆலையில் உற்பத்தியின் எந்தக் கட்டம் நடக்கிறது என்று விசாரியுங்கள். ஆஸ்பெனின் கெபெஹா ஆலையில் நடந்ததுபோல் மூலமருந்தை வெளிநாட்டிலிருந்து தருவித்துக் குப்பியில் நிரப்புவது மட்டுமே வேலையென்றால், செல் வளர்ப்பு ஊடகத்துக்கு (செல்களை வளர்க்கும் ஊட்டக் கரைசலுக்கு) அங்கே தேவை எழாது. கிருமிநீக்க வடிகட்டியும் குப்பியும் மூடியும்தான் விலைபோகும். பைன்டவுனில் இருப்பதுபோன்ற, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைக் கையாளும் நிலையத்தின் பட்டியல் முற்றிலும் வேறு. பிளாஸ்மாவிலிருந்து புரதங்களைப் பிரித்தெடுக்கும் பணிக்கு எத்தனால் ஏராளமாகச் செலவாகும்.

பிறகு கணக்கைப் போடுங்கள். ஒரு கோடி டோஸைப் பத்து டோஸ் குப்பிகளில் நிரப்பினால் சேதாரம் நீங்கலாக 10 லட்சம் குப்பி போதும். அதையே ஒற்றை டோஸாக நிரப்பினால் ஒரு கோடி குப்பி வேண்டும். வெறும் டோஸ் எண்ணிக்கையை வைத்துக் கொட்டேஷன் போடுபவர் பத்து மடங்கு தவறக்கூடும்.

ஆர்டர் கூடுவதைப் பயன்பாடு கூடுவதாக எண்ணிவிடக் கூடாது என்பதே இத்தொழிலில் மிக முக்கியமான பாடம். 2021இல் பைகளும் வடிகட்டிகளும் கைக்கு வரப் பல மாதங்கள் ஆனதால், ஆலைகள் தேவைக்கு மேல் வாங்கிக் குவித்தன. அந்தக் கையிருப்பைக் கரைக்கத் தொடங்கியதும் புதிய ஆர்டர் வீழ்ந்தது. 2023 ஜூனில், இத்தகைய பொருள்களை விற்கும் ஜெர்மன் நிறுவனமான சார்டோரியஸ் தன் ஆண்டு விற்பனை மதிப்பீட்டையே குறைத்துக்கொண்டது. ஆகவே இத்தகைய நிறுவனங்களின் காலாண்டு அறிக்கையில் விற்பனைத் தொகையோடு, புதிதாக வந்த ஆர்டரையும் ஒப்பிட்டுப் படியுங்கள். ஆர்டர் தொடர்ந்து விற்பனைக்குக் கீழே இருந்தால், வாங்குபவர்கள் பழைய இருப்பில் ஓட்டுகிறார்கள் என்று கொள்ளலாம். உள்நாட்டு நிலவரத்துக்குச் சுங்கப் புள்ளிவிவரம் உதவும். தயாரித்த வளர்ப்பு ஊடகத்தின் சுங்கக் குறியீடு 3821. அதில் ஆய்வகங்கள் வாங்குவதும் கலந்திருப்பதால், ஒரே மாதத்தின் ஏற்றத்தை நம்பாமல் பல மாதப் போக்கைப் பாருங்கள்.

சரிபார்த்து அங்கீகரிக்கப்பட்ட வடிகட்டியை எந்த ஆலையும் விலைக்காக எளிதில் மாற்றாது. மாற்றினால் மறுபடி சோதனையும் ஆவணமும் தேவைப்படும். ஆலையோ புதிய உற்பத்தி வரிசையோ வடிவமைப்பில் இருக்கும்போதே அணுகுவதுதான் புதியவருக்கு வழி. அவர்கள் மாதிரி கேட்டால், பெட்டியிலுள்ள தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் சான்றிதழோடு ஒத்துப்போகின்றனவா என்பதையும், கிருமிநீக்கத்துக்காகக் காமாக் கதிரூட்டியதைக் காட்டும் புள்ளி நிறம் மாறியிருக்கிறதா என்பதையும் அனுப்புமுன் பார்த்துவிடுங்கள்.

இருப்பை முடிவுசெய்யும்போது துறைமுகத் தாமதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 நவம்பரில் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே கடலில் காத்துநின்ற கப்பல்களைப் பற்றி டர்பன்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. குப்பியைக் கூடுதலாக வைத்திருந்தாலும் தாங்கலாம். கிருமிநீக்கிய பைகளுக்கோ காலாவதி உண்டு என்பதால், வாங்குபவரின் எழுத்துவடிவ ஆர்டர் கையில் இல்லாமல் அவற்றை வரவழைக்காதீர்கள்.