பெல்லி டான்ஸ் இடுப்புப் பட்டி தைப்பது எப்படி

ஹட்டனில் தையல் மெஷின் வைத்திருப்பவளிடம் ஸ்கூல் யூனிபோர்ம் வரும், சாரி பிளவுஸ் வரும், மாசி பிறந்தால் காமன் கூத்துக்கு ரதி உடுப்பு வரும். இப்போது பெல்லி டான்ஸ் பட்டி கேட்டும் பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டிலேயே தைக்க நினைக்கிறவர்களுக்கு என் முறையைச் சொல்கிறேன்.

டேப்பைப் பாவாடை நாடா கட்டும் இடத்தில் சுற்றாதீர்கள். தொப்புளுக்குக் கீழே, இடுப்பெலும்பு துருத்தும் மட்டத்தில் சுற்றுங்கள். நேராக நின்று ஒருமுறை, ஒரு காலில் பாரம் வைத்து இடுப்பைத் தள்ளி இன்னொருமுறை அளந்து, பெரிய அளவை எடுங்கள். பட்டி மேலே ஏறினால் ஆடுகிற இடம் மறைந்து ஆடாத இடம்தான் மின்னும்.

மேலே வெல்வெட், உள்ளே கேன்வாஸ், உடம்பில் படும் பக்கம் பருத்தி லைனிங். கேன்வாஸை நேர் இழையில் வெட்டுங்கள், கிராஸில் வெட்டினால் இழுபட்டுத் தொங்கும். பக்கத்தில் பெரிய கொக்கிகள் வையுங்கள், கண்களை இரண்டு வரிசை தையுங்கள். சோறு தின்ற பிறகும் ஆட வேண்டி வருமே!

தகட்டுக் காசும் பாசிமணியும் கொழும்பு புறக்கோட்டையில் மலிவு. நைலோன் நூலில் ஒவ்வொரு காசையும் தனித்தனியாகக் கட்டி முடிச்சிட்டு, முடிச்சின் மேல் ஒரு சொட்டு நெயில் பொலிஷ் வையுங்கள். ஒரே நூலில் ஓட்டித் தைத்தால், ஒன்று அறுந்ததும் மேடை முழுக்கக் காசு பொறுக்க வேண்டியதுதான்.

இந்த மினுமினுப்பு எகிப்தின் ஆதிகால உடுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே நீள அங்கியின் மேல் இடுப்பில் சால்வை கட்டி ஆடுவதே பழைய வழக்கம். 1926இல் பதியா மசாப்னி என்ற ஆட்டக்காரி கெய்ரோவில் கேளிக்கைக் கூடம் திறந்தார். தஹியா கரியோகா, சாமியா கமால் போன்ற பேர்போன ஆட்டக்காரிகள் எல்லாம் அவருடைய மேடையில் வளர்ந்தவர்கள். பாசி வைத்த கச்சை, பட்டி, பாவாடை என்ற ஜோடிப்பு அப்படிப்பட்ட மேடைகளில்தான் நிலைத்தது. பிறகு எகிப்தில் வயிற்றை மூட வேண்டும் என்று அரசாங்கம் கட்டுப்பாடு போட்டபோது, மெல்லிய வலைத்துணி வைத்துச் சமாளித்தார்கள். "அம்மா விடமாட்டா அக்கா" என்கிற பிள்ளைக்கு நானும் தோல் நிற ஸ்ட்ரெச் வலைதான் வைத்துத் தருகிறேன்.

இதே மாதிரி மினுங்கும் உடுப்பில் ஆடுகிற பேர்லெஸ்க் என்ற மேடை ஆட்டம் வேறு சங்கதி. 1868இல் லிடியா தாம்சன் இங்கிலாந்திலிருந்து நியூயார்க்குக்குக் கொண்டுபோன குழு, பழைய புராணக் கதைகளைக் கேலி செய்து ஆடியது. உடை களைவது அதில் பிற்பாடுதான் பெரிதானது. அந்த உடுப்பை இழுத்ததும் கழல்கிற மாதிரித் தைக்க வேண்டும். நம் பட்டி குலுக்கினாலும் கழலக்கூடாது. தையற்காரிக்கு வித்தியாசம் அதுதான்.

பட்டி தயாரானதும் கட்டிப் பாருங்கள். மலைக்குளிரில் உடம்பு விறைத்திருக்கும், முதலில் கை கால் உதறிச் சூடேற்றுங்கள். முழங்காலைச் சற்றே மடக்கி, நெஞ்சை அசைக்காமல், ஒரு பக்க இடுப்பைத் தூக்கிச் சட்டென்று விடுங்கள். 'சல்' என்று ஒரே சத்தம் வந்தால் சரி. பின்னால் சலசலவென்று இழுத்தால் உடம்பின் வேறெதுவோ சேர்ந்து ஆடுகிறது. அது சரியான பிறகு, முழங்கால்களை மாற்றி மாற்றி வேகமாக மடக்கி நீட்டி ஷிம்மி பழகுங்கள். தோட்டத்து லயன் வரிசை வீடுகளில் இருப்பவர்கள் அதைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும்.

பட்டியைத் துவைக்காதீர்கள். ஈரத்துணியால் லைனிங்கை ஒற்றி, நிழலில் காயவைத்து, பருத்தித் துணியில் சுற்றிப் படுக்கையாக வையுங்கள். பொலித்தீன் பையில் போட்டால் இந்த மிஸ்ட் காலத்தில் காசெல்லாம் கறுத்துவிடும்.